தலை தெருவில் விழுந்தது!

விருந்து நடக்கிறது. இளைஞன் ஒருவன் ஜப்பானுக்குப் புறப்படுகிறான். உயர்ந்த பதவி காத்திருக்கிறது. வழியனுப்ப வந்த நண்பர் கூட்டம் வீடு கொள்ளாமல் நிற்கிறது. குடியும் கும்மாளமும், கேலியும் கிண்டலும்! காமிராவைக் கையில் திணித்து, "வாழ்த்துகளைப் பதிவு செய்" என்று ஒருவனுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். அவனோ வாழ்த்தைவிட வம்பைத்தான் அதிகமாகப் பதிவு செய்கிறான். திடீரென்று தரை குலுங்குகிறது. விளக்கு அணைகிறது, மறுபடி எரிகிறது. மொட்டை மாடிக்கு ஓடுகிறார்கள். தொலைவிலே தீப்பிழம்பு! தெருவுக்கு இறங்கி ஓடுகிறார்கள். வானிலிருந்து ஏதோ வருகிறது, கட்டடத்தில் மோதுகிறது, உருண்டு புரண்டு வந்து தெருவின் நடுவே நிற்கிறது.

என்ன அது? தலை! நியூயார்க் துறைமுகத்திலே 1886-ஆம் ஆண்டு முதல் தீவட்டி ஏந்தி நிற்கிறாளே சுதந்திர தேவி, அவள் சிலையின் தலை!

தோழர்களே, அந்தத் தலையைக் கண்டதும் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அலறினார்கள், உண்மை. ஆனால் அடுத்த நொடியே கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள்! இந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் படத்தைப் பாராட்டலாம் என்று நமக்குத் தோன்றியது. நகரம் அழிகிறது; நகரத்தான் படம் பிடிக்கிறான். அவனைக் குறை கூற நமக்கு உரிமை ஏது? நம் பள்ளியின் வேப்பமரம் புயலிலே சாய்ந்தபோது, மாணவரை விலக்கி நிறுத்துமுன் கைப்பேசியைத் தேடியவர்களில் நாமும் ஒருவர்.

படத்தின் பெயர் 'குளோவர்பீல்டு'. 2008 ஜனவரி 18-ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்தது. தயாரித்தவர் ஜே.ஜே. ஏப்ரம்ஸ், எழுதியவர் ட்ரூ கோடார்ட், இயக்கியவர் மாட் ரீவ்ஸ். அது வந்தபோது நாம் தொடக்கப் பள்ளி மாணவர். ஆகவே திரையரங்கில் பார்க்கும் பேறு கிட்டவில்லை. அண்மையில், அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தும் இரவொன்றில், உடன் பணியாற்றும் நண்பர் தம் மடிக்கணினியில் போட்டுக் காட்டினார். "கொஞ்ச நேரம் பார்ப்போம், பிறகு தாள்" என்றார். இருபது நிமிடத்தில் சிவப்பு மைப் பேனா எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

"பகுத்தறிவு பேசுகிற நீங்கள் பூதப் படம் பார்த்துப் பூரிப்பதா?" என்று ஒரு தோழர் கேட்டார். கேட்கத்தக்க கேள்விதான். அதற்கு விடை தேடியே இந்தக் கட்டுரை எழுதத் துணிந்தோம்.

முதலிலே, படம் எடுக்கப்பட்ட முறையைப் பாருங்கள். வழக்கமான பூதப் படத்தில் என்ன நடக்கும்? அறிவியலார் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விளக்கம் கூறுவார். தளபதி வரைபடத்தின்மேல் கோல் வைத்துச் சுட்டுவார். குடியரசுத் தலைவர் தொலைபேசியை எடுப்பார். வானத்திலிருந்து ஒரு காமிரா, கடலிலிருந்து ஒரு காமிரா, பூதத்தின் மூக்கடியில் ஒரு காமிரா! பார்ப்பவனுக்கு எல்லாம் தெரியும். மாட்டிக்கொண்டவனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

குளோவர்பீல்டிலே இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. காமிரா ஒன்றே ஒன்று. அது ஹட் என்ற சாதாரண இளைஞன் கையில் இருக்கிறது. அவன் ஓடினால் படம் ஓடும். அவன் விழுந்தால் படம் விழும். அவன் தலையைத் திருப்பாவிட்டால் பூதமே பக்கத்தில் நின்றாலும் நமக்குத் தெரியாது. அறிவியலார் இல்லை; வரைபடம் இல்லை. படைவீரர்கள் உண்டு, ஆனால் அவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பின்னணி இசைகூட இல்லை! விருந்திலே ஒலிக்கும் பாட்டோடு சரி. அதன்பின் இடிபாட்டின் ஒலி, ஓட்டத்தின் மூச்சு, தொலைவில் ஓர் உறுமல். படம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடும்போதுதான் இசையமைப்பாளர் மைக்கேல் ஜியாக்கினோ தம் கைவரிசையைக் காட்டுகிறார். அதுவும் பழைய ஜப்பானியப் பூதப் படங்களின் இசைக்கு வணக்கம் சொல்வதுபோல.

காமிரா ஆடுவது சிலருக்கு மயக்கத்தையும் குமட்டலையும் தந்தது. அமெரிக்கத் திரையரங்குகள் சிலவற்றில் எச்சரிக்கை அறிவிப்பே தொங்கவிட்டார்கள். நம் நண்பரும் நடுவிலே ஒரு முறை எழுந்து போய் முகம் கழுவி வந்தார். "இதுவா கலை? காமிரா பிடிக்கத் தெரியாதவன் எடுத்த படம்!" என்பார் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். பிடிக்கத் தெரியாதவன் எடுத்ததுபோல் காட்டுவதற்குத்தான் பிடிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். கணினியில் உருவாக்கிய பூதத்தை, நிலையாக நிற்கும் காட்சியில் பொருத்துவதே பெரும்பாடு. ஒவ்வொரு நொடியும் துள்ளுகிற, துடிக்கிற, தலைகீழாகிற காட்சியில், அதே துள்ளலோடும் துடிப்போடும் பொருத்துவதென்றால்? பில் டிப்பெட்டின் கலைக்கூடத்தார் செய்த அந்த வேலை, வேலையாகவே தெரியவில்லை. சில பகுதிகளை ஹட்டாக நடித்த டி.ஜே. மில்லரே காமிராவைப் பிடித்து எடுத்தாராம். எது அவர் எடுத்தது, எது ஒளிப்பதிவாளர் எடுத்தது என்று நம்மால் பிரிக்க முடியவில்லை.

இன்னொரு நுட்பம். ஒளிநாடா புதிதல்ல. ஒரு மாதத்திற்கு முன், ஏப்ரல் கடைசியிலே, ராப் என்ற அந்த இளைஞனும் பெத் என்ற பெண்ணும் கோனி ஐலண்டு கடற்கரைக்குப் போய் மகிழ்ந்திருந்த நாளின் பதிவு அதிலே இருந்தது. அதன்மேல்தான் மே 22-ஆம் நாள் இரவின் கோரம் பதிவாகிறது. காமிரா நின்று மீண்டும் தொடங்கும் இடைவெளிகளிலே பழைய நாள் எட்டிப் பார்க்கிறது! புகையும் புழுதியும் நிறைந்த காட்சி அறுந்து, ஒரு கணம், வெயிலிலே சிரிக்கும் பெண். மறு கணம் மீண்டும் புழுதி. 'முன்னொரு காலத்திலே' என்று வசனம் பேசி, வட்டம் வட்டமாகத் திரையைச் சுழற்றி, பழைய நினைவுக்குப் போகிற பழக்கத்தை எத்தனை படத்தில் பார்த்துச் சலித்திருக்கிறோம்! இங்கே கருவியின் இயல்பே கதை சொல்லும் வழியாகிவிட்டது.

கதை என்று விரித்துச் சொல்ல அதிகமில்லை. பாலத்தில் ஓர் உயிர் போகிறது. இடிந்து சாய்ந்த மாளிகையிலே சிக்கிய பெத்தை மீட்க, எல்லாரும் ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் நால்வர் நடக்கிறார்கள். சுரங்கப்பாதையிலே எலிகள் கூட்டம் கூட்டமாக அவர்களைத் தாண்டி ஓடுகின்றன. எலிகள் எதைக் கண்டு ஓடுகின்றன? அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை நாம் நாற்காலியின் நுனியில் இருந்தோம். பேச்சு பல இடங்களில் சப்பென்று இருக்கிறது. மாந்தர்கள் அழகானவர்கள், வசதியானவர்கள். அவர்களுடைய காதற் சச்சரவு நம் நெஞ்சைத் தொடவில்லை. ஹட் ஒருவன்தான் மனிதனாகத் தெரிகிறான். அவனையோ நாம் பார்ப்பது அரிது, கேட்கிறோம். அவன் முகத்தை நின்று நிதானித்துக் காணும் நேரம், அவன் இறந்த பிறகுதான் வருகிறது! காமிரா புல்லிலே கிடக்கிறது. அதன் தானியங்கிக் கண், அருகே உள்ள புல்லைப் பார்ப்பதா, அப்பால் உள்ள முகத்தைப் பார்ப்பதா என்று தடுமாறித் தடுமாறித் தெளிகிறது, மங்குகிறது. கருவிக்கு இரண்டும் ஒன்று, புல்லும் பிணமும்! ஆயிரம் ஒப்பாரி சொல்லாததை அந்தக் குவிவு சொல்லிவிட்டது.

இனி, படத்தைவிடப் பெரிதாகப் பேசப்பட்ட செய்திக்கு வருவோம், விளம்பரம்!

2007 ஜூலை. 'டிரான்ஸ்பார்மர்ஸ்' என்ற பெரும் படம் ஓடுகிறது. அதற்கு முன்னால் ஒரு முன்னோட்டம். விருந்து, அதிர்ச்சி, தீ, தெருவில் உருளும் தலை. கடைசியிலே தயாரிப்பாளர் பெயர், ஒரு தேதி. படத்தின் பெயர்? இல்லை! பெயரில்லாத படத்திற்கு விளம்பரம்! கோடிகளைக் கொட்டிப் பெயரைப் பரப்புவது வணிகரின் வழக்கம். பெயரை மறைத்துப் பரப்பியவர் இவர்கள். படப்பிடிப்பின்போதும் பொய்ப் பெயர்களையே வைத்துத் திரிந்தார்களாம். கடைசியில் சூட்டிய பெயருக்கும் ஆழ்ந்த பொருள் ஏதுமில்லை; தயாரிப்பாளரின் அலுவலகத்தை ஒட்டிய சாலையின் பெயர்! ஏட்டுப் புலவர்கள் அதற்குத் தத்துவப் பொருள் காண முயன்றிருந்தால் எவ்வளவு வேடிக்கையாக இருந்திருக்கும்!

பிறகு என்ன? கூடினார்கள் துப்பறிவாளர்கள்! முன்னோட்டத்திலே யாரோ ஆங்கிலத்தில் கத்துகிறான், "அது உயிரோடிருக்கிறது" என்று. சிலர் காதுக்கு அது "அது ஒரு சிங்கம்" என்று கேட்டது. போதாதா? சிங்க வடிவ இயந்திரங்கள் இணைந்து போரிடும் பழைய சித்திரத் தொடர் ஒன்றின் படம்தான் இது என்று அடித்துச் சொன்னார்கள்! வேறு சிலர் காட்ஸில்லா என்றார்கள். தொடர்பே இல்லாத ஒரு புதிர் இணையதளத்தைப் பிடித்துக்கொண்டு இரவு பகலாய் விடை தேடினார்கள் வேறு சிலர். "அது எங்களுடையதன்று" என்று ஏப்ரம்ஸே சொல்லவேண்டி வந்தது.

உண்மையில் அவர்களுடைய தளத்திலே சில நிழற்படங்கள் மட்டும் இருந்தன. ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேர்ந்தன. படத்தைப் புரட்டினால் பின்புறத்தில் எழுத்து! கதைமாந்தருக்கு 'மைஸ்பேஸ்' தளத்திலே பக்கங்கள் இருந்தன, உயிருள்ளவர்போல. 'ஸ்லுஷோ' என்ற குளிர்பானத்திற்கு ஒரு தளம், இல்லாத பானத்திற்கு! அதை உடைமையாகக் கொண்ட 'டாக்ருவாட்டோ' என்ற ஜப்பானிய நிறுவனத்திற்கு ஒரு தளம், இல்லாத நிறுவனத்திற்கு! அந்த நிறுவனம் கடலடியிலே துளையிடுகிறதாம். அங்கிருந்துதான் பானத்தின் மர்மச் சரக்கு கிடைக்கிறதாம்.

இதையெல்லாம் ஏமாற்று என்று தள்ளிவிடலாமா? இங்கேதான் நம் தோழரின் கேள்விக்கு விடை இருக்கிறது.

1999-ல் 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' என்ற படம் வந்தது. காட்டிலே சூனியக்காரியைத் தேடிப்போன மூன்று மாணவர் காணாமற்போனார்கள். அவர்கள் எடுத்த படச்சுருள்தான் இது என்றார்கள். காணாமற்போனவர் என்று அந்த நடிகர்களின் படம் போட்ட துண்டறிக்கைகளைக் கொடுத்தார்கள். பலர் நம்பினார்கள். அந்த நடிகையின் தாய்க்கு இரங்கல் அட்டைகள் வந்தன என்றால் பாருங்களேன்! மிகச் சிறு முதலில் எடுத்த படம், உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் ஈட்டியது. அதன் துணிவை மெச்சுகிறோம். அதன் பொய்யை மெச்ச மாட்டோம். 'நடந்தது' என்று சொல்லி, நடக்காததை விற்றது அது. நம்பியவனின் நம்பிக்கையே அதன் முதல். சூனியக்காரி உண்டு என்று ஒருவனாவது வீடு திரும்பியிருப்பான்!

குளோவர்பீல்டின் விளையாட்டு வேறு. நியூயார்க்கைப் பூதம் அழித்தது என்று யாரும் நம்பவில்லை. நம்பச் சொல்லவும் இல்லை. தேடியவன் ஒவ்வொருவனும் இது கதை என்பதை அறிந்தே தேடினான். சான்று கேட்டான், ஒப்பிட்டான், ஊகித்தான், ஊகம் தவறினால் கைவிட்டான். வகுப்பிலே நாம் பாடத்தின் நடுவே நிறுத்தி "அடுத்து என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டதும் பின்வரிசைப் பையன் விழித்துக்கொள்கிறானே, அந்த விழிப்புத்தான் இது. நாமே உடன்பட்டு நுழையும் மாயம், மதியை மழுக்குவதில்லை. இறைச்சல் மந்திரவாதி வேறு, "இது என் கைத்திறன், முடிந்தால் கண்டுபிடி" என்று சொல்லும் செப்படி வித்தைக்காரன் வேறு. பின்னவனுக்குக் காசு போட நமக்குத் தயக்கமில்லை.

ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் விடமுடியாது. முன்னோட்டத்தில் வந்த சிலையின் தலை, உண்மையான அளவுக்கே செய்யப்பட்டிருந்தது. பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? "தலை மிகவும் சிறிதாக இருக்கிறதே, நம்பும்படி இல்லை" என்றார்கள்! படத்திலே தலையைப் பெரிதாக்கினார்கள், பிறகு நம்பினார்கள்! மெய்யளவு பொய்யாகத் தோன்றியது, பொய்யளவு மெய்யாகத் தோன்றியது. நெடுங்காலமாகப் படத்திலும் அஞ்சலட்டையிலும் கீழிருந்து நிமிர்ந்து பார்த்தே பழகிய கண், தலை தெருவுக்கு இறங்கியபோதும் நிமிர்ந்தே பார்க்க விரும்பியது போலும்.

புகழ்ந்தது போதும், குறைக்கு வருவோம். அது சிறிய குறையன்று.

2001 செப்டம்பர் 11. இரட்டைக் கோபுரம் சரிந்தபோது எழுந்த புழுதி மேகம் தெருக்களில் பாய்ந்து வந்ததும், காகிதங்கள் பறந்ததும், சாம்பல் பூசிய முகங்களோடு மக்கள் கடைகளுக்குள் ஒதுங்கியதும், உலகமே தொலைக்காட்சியில் கண்ட காட்சிகள். குளோவர்பீல்டில் அவை அப்படியே வருகின்றன, ஏழாண்டு கூட ஆகாத நிலையிலே! உற்றாரை இழந்தவர் இருக்கும் ஊரிலே, அந்தப் புழுதியைக் கேளிக்கையாக்கலாமா என்று கேட்டவர்கள் அன்றே இருந்தார்கள். நாமும் கேட்டுப் பார்த்தோம். புழுதியைக் காட்டியது குற்றமென்று நமக்குத் தோன்றவில்லை. அச்சத்தை உருவமாக்கிப் பார்ப்பது கலையின் பழைய தொழில். குற்றம் வேறிடத்தில் இருக்கிறது.

1954-க்குப் போவோம். மார்ச் 1-ஆம் நாள் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. தொலைவிலே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றில் 23 பேர். அவர்கள்மேல் நச்சுச் சாம்பல் பொழிந்தது. ஒருவர் அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்தார். நவம்பரில் 'கோஜிரா' வெளிவந்தது. இஷிரோ ஹோண்டா இயக்கியது. குண்டுச் சோதனையால் கிளர்ந்தெழுந்த பூதம் டோக்கியோவை எரிக்கிறது. அது ரப்பர் உடை மாட்டிய மனிதன்தான். கண்டால் சிரிப்பு வரும். ஆனால் படம் முடிந்தபின் சிரிப்பு வராது. 'இது எங்கிருந்து வந்தது? யார் எழுப்பினார்?' என்று அந்தப் படம் வெளிப்படையாகக் கேட்டது. அதை 1956-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்கள், அமெரிக்க நடிகர் ஒருவரை ஒட்டவைத்து, குண்டைப் பற்றிய பேச்சை வெட்டிக் குறைத்தார்கள். பூதத்தை வைத்துக்கொண்டார்கள், கேள்வியைக் கழித்துவிட்டார்கள்!

மகனோடு ஜப்பான் சென்ற ஏப்ரம்ஸ், பொம்மைக் கடையில் காட்ஸில்லா பொம்மைகளைக் கண்டு, 'நமக்கும் இப்படியொரு பூதம் வேண்டும்' என்று எண்ணியதிலிருந்தே குளோவர்பீல்டு பிறந்தது. பொம்மை கிடைத்தது. கேள்வி?

'தெருவில் ஓடுகிறவனுக்குக் காரணம் தெரியாது. ஆகவே படத்திலும் காரணமில்லை' என்பார்கள். ஓரளவு ஒப்புவோம். அந்த அறியாமைதான் படத்தின் ஆற்றல் என்று மேலே நாமே சொன்னோம். ஆனால் காரணம் அவர்களிடம் இல்லாமலில்லையே! கடலடியைக் குடைகிற நிறுவனம், அங்கிருந்து எடுத்த சரக்கைப் பானமாக்கி விற்கிற பேராசை, கடலிலே தாக்கப்பட்ட துளையிடு மேடை, இவ்வளவும் விளம்பரத்திலே குறிப்பாகச் சொல்லப்பட்டுவிட்டன! பூதத்தின் பின்னே ஒரு முதலாளி இருக்கிறான் என்ற செய்தியை வலைத்தளத்தில் வைத்தார்கள். வெண்திரையிலோ வெறும் பூதத்தை மட்டும் வைத்தார்கள். தேடித் துருவியவன் காரணத்தைக் கண்டான். சீட்டு வாங்கி உட்கார்ந்தவன் இடியை மட்டும் கேட்டான். கதையின் சத்தைச் சுவரொட்டியிலே ஒட்டிவிட்டு, சக்கையை அரங்கிலே கொடுத்தது போலல்லவா இது? விளம்பரம் படத்தைவிட அறிவுள்ளதாக இருந்தது என்று சொன்னால் அது விளம்பரத்திற்குப் பாராட்டு, படத்திற்கு அன்று.

வசூல் கணக்கும் அதையே காட்டுகிறது. முதல் வார இறுதியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 4 கோடி டாலர். ஜனவரி மாதத்தில் அதுவரை எந்தப் படமும் காணாத தொடக்கம். அடுத்த வார இறுதியிலோ மூன்றில் இரண்டு பங்குக்குமேல் சரிவு! மர்மம் எட்டு நாளில் தீர்ந்துபோனால் கூட்டமும் தீரத்தானே செய்யும்? ஆனாலும் முதலீடு 2.5 கோடி டாலர்தான். உலகெங்கும் 17 கோடிக்குமேல் வந்தது. வணிகர் அழவில்லை.

அவர்களைப் பார்த்து மற்றவர்களும் கைக்காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினார்கள். ஆடுகிற படம் அப்புறம் ஆண்டுக்கொன்றாய் வந்தது. பெரும்பாலானவை ஆடியதோடு சரி. காமிரா ஏன் ஒருவன் கையில் இருக்கிறது என்பதற்கு ஹட் ஒரு காரணம் சொல்கிறான்: இங்கே என்ன நடந்ததென்று மக்கள் பார்க்க விரும்புவார்கள் என்று. சாகும்வரை அதைக் கீழே வைக்காத பிடிவாதம் அவனுக்கு இருந்தது. அந்தப் பிடிவாதம் இல்லாத காமிரா வெறும் நடுக்கம்.

படத்தின் முடிவைச் சொல்ல வேண்டாமென்றுதான் எண்ணினோம்; சொல்லாமலிருக்க முடியவில்லை. குண்டு விழுகிறது, மே மாதத்து இரவு அறுகிறது. அதனடியிலிருந்து ஏப்ரல் மாதத்துக் கோனி ஐலண்டு வெளிப்படுகிறது. இராட்டினம், கடல், வெயில், அந்தப் பெண். இன்று நல்ல நாளாக இருந்தது என்கிறாள். படம் முடிந்துவிட்டது என்று நாம் தாள்கட்டை இழுத்தோம். நண்பர் விடவில்லை. "கடலைப் பாருங்கள்" என்று பின்னோட்டி நிறுத்தினார். ஒன்றும் தெரியவில்லை என்றோம். மறுபடி பின்னோட்டினார். மூன்றாம் முறை தெரிந்தது. அவர்கள் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அவர்களுக்குப் பின்னால், வெகு தொலைவிலே, வானிலிருந்து ஒரு புள்ளி கடலில் விழுகிறது. அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. காமிராவும் அதற்காக நகரவில்லை.

நண்பர் நான்காம் முறையும் போட்டார். விடியற்காலை வரை தாள்கள் திருத்தப்படவில்லை.